திரும்பிவந்த மட்டைகளைத் திறந்து பார்த்தவருக்கு

கெலிமான் மலையடியின் கடுங்குளிரில், கடமையே கம்பளியாய்க் கொண்டு முப்பத்தெட்டுக் குளிர்காலம் கடந்தவரே, ஒமெட் பனிச்சறுக்கு மட்டைத் தொழிற்சாலையின் திரும்பிவந்த பொருள்கள் பிரிவில் ஒரு மேசை, ஒரு ரம்பம், ஒரு பேனா என மூன்றே கருவிகளோடு எங்கள் அனைவரின் பிழைகளையும் எதிர்கொண்டவரே, மதிப்பிற்குரிய அம்மையார் தோம்னிக்கா உர்சாகே அவர்களே, வணக்கம்.

ஓய்வு பெறுவோர்க்குப் பாராட்டு மடல் எழுதி, உணவுக்கூடத்தில் வாசித்து, கண்ணாடிச் சட்டமிட்டு அளிப்பது நம் தொழிற்சாலையின் வழக்கம். சென்ற வாரம் உங்களுக்கும் ஒன்று எழுதினோம். ‘பண்பின் பனிமலையே, பொறுமையின் பொற்சிகரமே’ என்று தொடங்கிய அதில் அடைமொழிகள் மட்டும் பதினாறு. பெயரிலும் தேதியிலும் பிழை வந்துவிடக்கூடாதென்று உங்கள் பார்வைக்கு அனுப்பினோம். மறுநாள் காலை, பழுதான மட்டைகளில் கட்டும் மஞ்சள் சீட்டோடு அது திரும்பி வந்தது. சீட்டில் உங்கள் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: ‘மேல மினுமினுப்பு நல்லா இருக்கு. உள்ள ஒட்டல.’

அந்தச் சீட்டோடு உங்கள் அறைக்கு வந்தவன் அழுத்துப்பொறிப் பிரிவின் காசியான் ஃபொர்மிந்தே. இம்மடலை எழுதியவனும் இப்போது உங்கள் முன் நின்று வாசிப்பவனும் அவனே. “என்ன மேடம் மாத்தணும்?” என்று கேட்டேன். பதின்மூன்று ஆண்டுகளாக நாங்கள் உங்களை அப்படித்தான் அழைக்கிறோம். அதற்கு முன்பு ‘அக்கா’ என்று அழைத்தோம்.

“நடந்தத எழுதுங்க காசியான். எழுத வரலன்னா ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்பிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்” என்றீர்கள்.

நடந்ததை எழுதியிருக்கிறேன். பழக்க தோஷத்தால் அடைமொழி ஏதேனும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பொறுத்தருள்க.

வாய்மையின் வடிவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தின் இலையுதிர்காலத்தில் நீங்கள் இங்கு பணியேற்றபோது, நாடு முழுவதற்கும் மட்டை செய்தவர்கள் நாம். வாங்குவோருக்கு வேறு வழியில்லை, ஆதலால் நமக்குக் குறையும் இல்லை. ஐந்தாண்டில் எல்லை திறந்தது. கார்களின் கூரையில் கட்டி ஆஸ்திரியாவின் பழைய மட்டைகள் வந்து குவிந்தன. அன்றுமுதல் மக்கள் நம் மட்டையைக் கையிலெடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் பார்ப்பதை நீங்கள் பார்க்கத் தொடங்கினீர்கள்.

ஒவ்வொரு குளிர்காலமும் விடுமுறை எடுத்துக்கொண்டு வத்ரா தோர்னெய் நகரக் கடைகளில் போய் நிற்பீர்கள். வாங்க வருபவர் இரு மட்டைகளின் அடிப்பரப்பையும் ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். நடுவிலுள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் அளப்பார். நுனியைப் பிடித்து வளைப்பார், எஃகு விளிம்பு மரத்தோடு சேருமிடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார், முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். எல்லாம் முடிந்து முகம் மலர்ந்திருக்கும் வேளையில் பெயரைப் படிப்பார். “ஓ, நம்மூரு மட்டையா? மட்டம்தான்” என்று வைத்துவிடுவார். அல்லது விலைச்சீட்டைத் திருப்பி, “நம்மூரு சாமானுக்கு இவ்வளவா?” என்பார்.

கேட்டதையெல்லாம் திரும்பி வந்து எங்களிடம் சொல்வீர்கள். “கொறச்சு வச்சா குப்பைங்கிறான், கூட வச்சாக் கொழுப்புங்கிறான். இவனுக்கு எந்த வெலைக்குத்தான் செஞ்சு குடுக்கிறது?” என்று நீங்கள் நடித்துக் காட்டுகையில் இந்த உணவுக்கூடம் அதிர்ந்து சிரிக்கும். புளிச்சூப்புத் தட்டோடு உங்கள் மேசைக்கு இடம் பிடிக்க நாங்கள் முந்துவோம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் இயக்குநராக வந்தவர் திருவாளர் பலாதி. அறுபத்து நான்கு பேராகச் சுருங்கியிருந்த எங்களை இதே கூடத்தில் நிறுத்தி அவர் சொன்னார்: “ஆஸ்திரியாக்காரனோட பழசே ஐந்நூறு லேய்க்கு வருது. நம்ம புதுசு அறுநூறத் தாண்டினா எவன் தொடுவான்? ஐந்நூத்தித் தொண்ணூறு. அதுக்குள்ள அடக்குங்க, இல்லன்னா பூட்டிட்டுப் போவோம்.”

அடக்கினோம். மர உள்ளீடும் கண்ணாடியிழையும் எஃகு விளிம்பும் பிசினால் இணைந்து இறுக, சூட்டிலும் அழுத்தத்திலும் பதினெட்டு நிமிடம் வேண்டும். அதைப் பதினொன்றாகக் குறைக்கச் சொல்லித் தாளில் கையெழுத்திட்டார் பலாதி. மிச்சப்பட்ட காசில் மேற்பூச்சு மட்டும் புதிதாய் வந்தது, கண்ணாடிபோல் மின்னியது. அந்த ஆண்டு மட்டைகளைக் கடைகளில் தடவிப் பார்த்தவர்கள், “இந்த வெலைக்கு இப்படியொரு வேலைப்பாடா?” என்று வியந்து வாங்கினார்கள். உள்ளே எவரும் நகத்தை விட்டுப் பார்க்க முடியாதல்லவா?

டிசம்பரில் திரும்பி வரத் தொடங்கின. வால்பக்கம் வாய் பிளந்த மட்டைகள். ஒவ்வொன்றையும் நீங்கள் குறுக்கே அறுத்தீர்கள். பிசின் இறுகாமல் நகத்துக்கு நசுங்கியது. அறுத்த துண்டை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனீர்கள்.

“அடுப்பு பக்கத்துல வச்சுக் காய வச்சா எந்த மட்டையும் பிளக்கும். அப்படியே பதில் எழுதுங்க” என்றார் அவர்.

“எல்லாருமா அடுப்புகிட்ட வச்சாங்க?”

“இந்த நாட்டுல அடுப்பு இல்லாத வீடு இருக்கா? நீங்க எழுதுங்கம்மா. அறுபத்து நாலு குடும்பம் இருக்கு, அதையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க.”

எழுதினீர்கள். இப்பகுதியை நான் மென்மையாகக் கடந்துவிட எண்ணியிருந்தேன். “பத்தொன்பது கடிதம்னே எழுதுங்க. சிலன்னு எழுதாதீங்க. பத்தொன்பது பேருகிட்ட ஒங்க மேலதான் தப்புன்னு நான் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்லியிருக்கேன்” என்றீர்கள். ஆகவே பத்தொன்பது என்றே எழுதுகிறேன்.

ஜனவரியில் இருபதாவது மட்டை வந்தது. அனுப்பியவர் மலை மீட்புக் குழுவின் லெயொந்தின். கால் முறிந்து கிடந்த ஒருவரைப் படுக்கைச் சறுக்குவண்டியில் இறக்கி வருகையில், வளைவில் வலது மட்டையின் எஃகு விளிம்பு கழன்று சுருண்டது. வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் விழுந்தார். வண்டியில் இருந்தவருக்குக் கீறலில்லை. லெயொந்தினின் முழங்கால் அதன்பின் மடங்கவில்லை. அவருடைய கடிதம் இன்றும் உங்கள் மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது:

‘நஷ்டஈடு கேக்கல. இருபத்திரண்டு வருஷமா மலையிலேர்ந்து ஆளுங்கள எறக்கிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு நான் தப்பாத் திருப்பினேனா, மட்டை விட்டுச்சா, அத மட்டும் சொல்லுங்க. ரெண்டுல எதுவானாலும் தாங்கிக்குவேன். தெரியாம இருக்கிறதுதான் முடியல.’

மூன்று நாள் அதை வைத்திருந்தீர்கள். நான்காம் நாள் பதில் எழுதி, நீங்களே அஞ்சலகம் நடந்துபோய்ச் சேர்த்தீர்கள். ‘நீங்கள் சரியாகத்தான் திருப்பினீர்கள். மட்டை ஒட்டியிருக்கவில்லை. அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.’ இவ்வளவே அதிலிருந்தது. அதே நாளில் முன்னைய பத்தொன்பது பேருக்கும், முதற்கடிதம் பொய் என்று மறுகடிதம் போட்டீர்கள்.

நேர்மையின் நிறைகுடமே, அந்த இருபது உறைகள் எங்களை என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் வந்தார்கள். அந்தப் பருவத்து மட்டைகள் அத்தனையும் கடைகளிலிருந்து மீட்கப்பட்டு முற்றத்தில் விறகுபோல் அடுக்கப்பட்டன. மார்ச்சுக்குள் பலாதி வேறொரு மரச்சாமான் நிறுவனத்துக்கு இயக்குநராய்ப் போய்ச் சேர்ந்தார். எங்களில் இருபத்தேழு பேர் வேலையிழந்தார்கள். சகோதரனுக்கு வேலைபோனவர்கள் இருந்தோம், மனைவிக்கு வேலைபோனவர்கள் இருந்தோம். இத்தாலிக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர்களில் மூவர் திரும்பவே இல்லை.

பழியைப் போட எங்களுக்கு ஓராள் வேண்டியிருந்தது. பலாதி கைக்கெட்டாத தொலைவில் இருந்தார். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள்.

கூட்டம் இங்குதான் நடந்தது. வண்ணப்பூச்சுப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார்: “உண்மை பேசணும்னா கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பேசு. எங்க சோத்துல ஏன் மண்ண அள்ளிப் போடுற?”

“லெயொந்தின் கேட்டாரு. சொன்னேன்” என்றீர்கள்.

“கேட்டா சொல்லிடுவியா?”

“ஆமா.”

உங்களைப் பணியிலிருந்து நீக்கக் கோரும் தாள் சுற்றி வந்தது. வேலையிழந்தவர்களும் சேர்த்து அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டோம். முதற்கையெழுத்து என்னுடையது. சட்டம் இடங்கொடாததால் உங்களை நீக்க இயலவில்லை. ஆகவே எங்களால் இயன்றதைச் செய்தோம். உங்கள் மேசையில் எவரும் உண்ணவில்லை. உங்கள் குவளை ஒவ்வொரு மாதமும் உடைந்தது. கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டி எல்லா அறைக்கும் போய் உங்கள் அறைக்கு மட்டும் வராமல் முடிந்தது. மகளிர் நாளான மார்ச் எட்டன்று பெண்கள் ஒவ்வொருவர் மேசையிலும் மூன்று பூ வைத்தோம், உங்கள் மேசையில் இரண்டு. இரட்டைப்படை இங்கே கல்லறைக்குக் கொண்டுபோகும் கணக்கு. அந்த இரண்டையும் தண்ணீரில் போட்டு, வாடும்வரை வைத்திருந்தீர்கள்.

ஆயினும் நீங்கள் எங்களுக்காக உழைப்பதை நிறுத்தவில்லை. எங்களால் இன்றளவும் பொறுக்க முடியாதது அதுதான்.

அழுத்த நேரம் பதினெட்டுக்குத் திரும்பியது. மட்டைகள் முன்னெப்போதையும்விட நன்றாக வந்தன. வாங்கத்தான் ஆளில்லை. நான்கு ஆண்டு இப்படிக் கழிந்தபின் ஒரு பிப்ரவரியில், பன்னிரண்டு சோடி மட்டைகளின் பெயர்மேல் கறுப்பு நாடா ஒட்டி, கடன் வாங்கிய வண்டியில் ஏற்றி, சறுக்குத்தளத்தின் அடியில் போய் நின்றீர்கள். நான்கு சோடி நம்முடையவை, மற்றவை ஆல்ப்ஸ் நாடுகளின் பெரிய பெயர்கள். மேலேறிச் சறுக்கி வந்தவர்களிடம், “இதுக்கு என்ன வெலை குடுப்பீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டீர்கள். நம் மட்டைக்கு ஆயிரத்தெண்ணூறு லேய் வரை சொன்னார்கள். திருப்பத்தில் பிடித்து நிற்கிறது, வேகத்தில் நடுங்கவில்லை என்றார்கள். பிறகு நாடாவை உரித்தீர்கள்.

சுச்சாவா நகரிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர் தம் காலிலிருந்த பெயரைக் குனிந்து படித்துவிட்டு நெடுநேரம் நிமிரவில்லையாம்.

“இப்ப என்ன வெலை சொல்றீங்க டாக்டர்?” என்று கேட்டீர்கள்.

“தொள்ளாயிரம்.”

“அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி ஆயிரத்தெண்ணூறு சொன்னீங்க.”

“காலுக்கு நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா ஒமெட்னு போட்டிருக்கே. நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்? லிஃப்டு வரிசையில நிக்கிறப்ப நாலு பேரு பாப்பாங்கல்ல?”

அந்தக் குறிப்பேட்டை நிர்வாகத்திடம் கொடுத்தீர்கள். நம் வேலைப்பாட்டில் குறையில்லை, இனித் துணிந்து நம் பெயரில் சரியான விலை வைக்கலாம் என்பது நீங்கள் கண்ட முடிவு. நிர்வாகம் வேறொன்றைக் கண்டது. அடுத்த பருவம் நம் மட்டைகளில் ஒமெட் என்னும் பெயர் இல்லை. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்போல் ஒலிக்கும் ஒரு பெயர் இருந்தது. வரைபடத்தில் அப்படியோர் ஊர் கிடையாது. அதே மரம், அதே பிசின், அதே கைகள், விலை இரண்டாயிரத்து நூறு லேய். ஒரே குளிர்காலத்தில் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பல் மருத்துவரும் ஒரு சோடி வாங்கியதாய் அறிகிறோம்.

கூடத்தில் எழுந்து மறுத்தவர் நீங்கள் ஒருவரே. “ஒட்டாத மட்டைக்கு நம்ம பேரப் போட்டோம். இப்ப ஒட்டுற மட்டையிலேர்ந்து நம்ம பேர எடுக்கிறோம். எனக்குப் புரியல” என்றீர்கள். நாங்கள் கைதட்டி உங்கள் குரலை மறைத்தோம். இன்று நாற்பது பேர் இங்கு வேலை பார்க்கிறோமென்றால் அந்தப் பொய்ப்பெயரால் பார்க்கிறோம். அப்பெயர் பிறந்தது உங்கள் குறிப்பேட்டிலிருந்து. உங்கள் உண்மையால் வேலை போனதென்று உங்களை வெறுத்தோம். உங்கள் உண்மையைத் திருகி வேலை வந்தபோது ஒருவரும் வந்து நன்றி சொல்லவில்லை. இவ்வரிகளை வாசிக்கையில் இன்றைய இயக்குநர் முன்வரிசையில் இருக்கிறார். வாசித்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது ஒன்று. அது என்னுடையது.

பலாதியின் தாளில் இருந்தது பதினோரு நிமிடம். பதினொன்றில் வால்கள் பிளந்தன, உண்மை. ஆனால் பதினொன்றில் எஃகு விளிம்பு கழலாது. சனிக்கிழமைகளில் என் முறையில் நான் ஒன்பது வைத்தேன். எவரும் சொல்லவில்லை. அன்றைய எண்ணிக்கையைச் சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான் காரணம். லெயொந்தினின் மட்டை ஒரு சனிக்கிழமை மட்டை.

ஆய்வாளர்கள் உங்களிடம் கேட்டபோது நான் கதவருகில் நின்றிருந்தேன். “பொறியோட நேரத்த மாத்தினது யாரு?” என்றார்கள். “இயக்குநர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு, பாருங்க” என்றீர்கள். உங்களுக்குத் தெரியாது என்று பதின்மூன்று ஆண்டு நம்பியிருந்தேன். சென்ற வாரம் அந்த மஞ்சள் சீட்டோடு நின்றவன், நடந்ததை எழுதச் சொன்னீர்களே என்று இதைச் சொன்னேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

“தெரியும் காசியான். ஒவ்வொரு மட்டையிலயும் தேதி இருக்கு. இருபதையும் அறுத்தவ நான். சனிக்கிழம மட்டை மட்டும் வெண்ணெய் மாதிரி வந்துச்சு.”

“ஏன் மேடம் சொல்லல?”

“அவங்களுக்கு வேண்டியிருந்தது பழிபோட ஒரு ஆளு. சொன்னா ஒங்கள உள்ள தள்ளிட்டு பலாதிய விட்டிருப்பாங்க. அதுவுமில்லாம, நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அந்த வருஷம் முழுக்க என் ரூம் கதவத் தொறந்தே வச்சிருந்தேன். அப்பறம் குளிர் தாங்கல. சாத்திட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “எங்கிட்ட வேணாம். கேள்வி கேட்டவரு லெயொந்தின். நான் அவருக்கு எழுதின பதில் பாதிதான். மீதிய நீங்க போயிச் சொல்லுங்க” என்றீர்கள்.

ஞாயிறன்று போனேன். அவர் முற்றத்தில் ஊன்றுகோலோடு நின்றபடி முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “மிச்சமான அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன செஞ்சீங்க?”

“கோட்டு மாட்டியிருப்பேன்” என்றேன். வேறு எதுவும் நினைவில்லை.

அவர் தலையசைத்துவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

அம்மையீர், இவ்வகை மடல்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டி முடியும். உங்கள் கண்கள் உங்களுக்குப் பல்லாண்டு துணைநிற்கட்டும். படியேறுகையில் மூச்சு இரைக்காதிருக்கட்டும். காலையில் எழுந்து, எவருடைய முகத்தில் என்ன இருக்குமோ என்று எண்ணாமல், வேண்டிய கடைக்கு வேண்டிய தெரு வழியே நடந்து போகும் நாள்கள் உங்களுக்கு நிறைய அமையட்டும். அப்படிப்பட்ட நாள்களை உங்களிடமிருந்து பறித்தவர்கள் நாங்கள். அவற்றைத் திருப்பித் தர எங்களிடம் வழியில்லை. வாழ்த்த மட்டுமே முடிகிறது, அதற்கும் தகுதி குறைவு.

நாற்பது பேரில் இருபத்து மூவர் இதன்கீழ்க் கையெழுத்திட்டிருக்கிறோம். மற்ற இருபத்திரண்டு பேரும் இதை முழுதும் படித்துவிட்டே கையெழுத்திட்டார்கள். படித்தபின் அவர்களில் இருவர் என்னோடு பேசுவதில்லை. பதினேழு பேர் படிக்கவே மறுத்து, உங்கள் பெயர் உள்ள தாளில் தங்கள் பெயர் வராது என்றார்கள். வேலையிழந்த இருபத்தேழு பேரில் எட்டுப் பேர் அழைப்பை ஏற்று வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பதினேழு பேரிடமும் இந்த எட்டுப் பேரிடமும் ஒரு வார்த்தை. உங்கள் கோபம் பதின்மூன்று ஆண்டாகத் தவறான அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசித்து முடித்ததும் நான் கிளம்பிவிட மாட்டேன். இந்த ஒலிபெருக்கி அருகிலேயே நிற்பேன்.

இங்ஙனம்,
காசியான் ஃபொர்மிந்தே, அழுத்துப்பொறிப் பிரிவு,
மற்றும் இருபத்திரண்டு பணியாளர்கள்,
ஒமெட் பனிச்சறுக்கு மட்டைத் தொழிற்சாலை.